ஒற்றைப் பட்டன் ஆட்டம்

ஜூன் 12, வியாழன்

ஹட்டனில் காலையிலிருந்து மழை. கடையில் போட்டோகொப்பி மெசின் ஈரத்துக்குத் தாளை விழுங்கிக்கொண்டே இருந்தது. நாள் முழுக்க நின்றதில் கால் இரண்டும் மரத்துப்போய், பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன்.

கிஷாந்த் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

"தனு, இன்னிக்கு கேம்ல ஒரு மலேசியாக்காரன் மாட்டுனான். கதற விட்டுட்டேன்."

கல்யாணமாகி இரண்டு வருடம். போன நவம்பருக்குப் பிறகு இந்த மனிதர் சிரிப்பதைப் பார்ப்பதென்றால் டிவிக்கு முன்னால்தான் பார்க்கலாம். நவம்பரில் தேயிலைத் தொழிற்சாலை ரோலரில் அவருடைய வலது கை அகப்பட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவில் இருந்த மூன்றும் போய்விட்டன. புண் ஆறி மாதக்கணக்காகிறது. ஆனாலும் கோயில் திருவிழாவுக்கு வரவில்லை, டவுனுக்கு வரவில்லை, எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே இருக்கிற கடைக்குக்கூட இறங்குவதில்லை. தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார். அங்கே கொழுந்து கொண்டுவருகிற அத்தனை பேரும் கையைப் பார்ப்பார்களாம்.

கட்டாருக்குப் போன என் தம்பி விட்டுச் சென்ற கேம் மெசின் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் இந்தச் சண்டை கேம். திரையில் இரண்டு பேர் மோதுவார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆடுவதற்கு இரண்டு வழி உண்டு. நான் ஆடுவது நோமல்: ஒரு பெரிய அடி அடிக்க இடது கையால் குச்சியை அரைவட்டம் சுழற்றி, அதே கணத்தில் வலது கையால் இரண்டு மூன்று பட்டன்களை அழுத்த வேண்டும். அவர் ஆடுவது சிம்பிள்: ஒரே பட்டன், அதே அடி. கண்ட்ரோலரைத் தலையணையில் வைத்து, மிஞ்சிய கட்டைவிரலால் அந்த ஒரு பட்டனை அழுத்துவார். பாரோஸ் என்ற மலை போன்ற ஆள்தான் எப்போதும் அவருக்கு.

"ஆன்லைன்ல என் கைய எவனும் பாக்க மாட்டான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை.

இனி என் முறை. கொழும்பில் ஆகஸ்டில் இறுதிப் போட்டி. நாடு முழுவதிலிருந்தும் பதினாறு பேர், அதில் நானும் ஒருத்தி. பழக வேண்டும். கண் சொருகுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. பழகவும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

கேம் செய்கிற கம்பனி புதிய அப்டேட்டை அறிவித்திருக்கிறது. எதை எதை மாற்றுகிறார்கள் என்று நீளமான பட்டியல். கடையில் ஆளில்லாத நேரத்தில் போனில் படித்தேன். சிம்பிளில் ஆடுபவர்களுக்கு அடியின் பலம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பட்டனை அழுத்தியதும் அடி விழாதாம், ஒரு நொடிக்கும் குறைவான தாமதம் வரும். குறைவுதான். ஆனால் இந்த ஆட்டத்தில் அந்தக் குறைவுக்குள் ஒரு ஆளே செத்துவிடுவான்.

போட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். விதுசன் குரல் செய்தி போட்டிருந்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பில் படிக்கிறான், எங்களில் கெட்டிக்காரன். "தனுசிகா அக்கா, பாத்தனீங்களோ? ரெண்டு வருசமாய் நாங்கள் கைநோகப் பழக, சிம்பிள்காரர் ஒரு பட்டனை அமத்திப்போட்டு வெண்டு கொண்டிருந்தவை. இனிப் பாப்பம்!"

அவன் சொல்வதில் பொய் இல்லை. தகுதிச் சுற்றில் ஒரு சிம்பிள்காரரிடம் நானே மயிரிழையில் தப்பினேன். அன்று எனக்கும் எரிந்தது. அப்டேட்டைப் படித்தபோது முதலில் வந்தது நிம்மதிதான். அதற்குப் பிறகுதான் தலையணை நினைவுக்கு வந்தது.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஜூன் 26, வியாழன்

சொல்லத் தேவைப்படவில்லை. நான் வருவதற்குள் அப்டேட் இறங்கிவிட்டது.

"கண்ட்ரோலர் பழுதாப் போச்சு போல" என்றார். "அமுக்குனா லேட்டாத்தான் அடிக்குது. பேட்டரி மாத்திப் பாத்தேன்."

"பேட்டரி இல்லீங்க" என்று சொல்லி, உட்கார்ந்து விளக்கினேன்.

கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு ஆட்டம் தொடங்கினார். தோற்றார். இன்னொன்று. எதிராளி பாரோஸைச் சுற்றிச் சுற்றி வந்து கொத்தினான். பாரோஸ் கையை ஓங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. நான் சமைக்கப் போய்விட்டேன். பார்க்க முடியவில்லை.

ஜூலை 2, புதன்

மாமி, கிஷாந்தின் அம்மா, மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து கூடையை இறக்கிவிட்டு, "என்னா புள்ள, டிவி சத்தத்தையே காணோம்?" என்றார். மாமிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவே பிடிக்காது. தலைவலி, தலைவலி என்று தினமும் சண்டை போடுவார். இன்று அது இல்லையே என்று கேட்கிறார்.

உள்ளே கிஷாந்த் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஜூலை 5, சனி

சண்டை. எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

நான் பழகிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து கேட்டார், "உனக்கு சந்தோசம்தானே?"

"என்னாத்துக்கு?"

"உங்க ஆளுங்க கேட்டதத்தானே செஞ்சிருக்கானுங்க."

"நானா கேட்டேன்?"

"கம்பனிக்காரன் எல்லார்கிட்டயும் கருத்து கேட்டான்னு நீதானே சொன்ன? நீ என்னா எழுதுன?"

ஒன்றும் எழுதவில்லை. அன்று களைப்பாக இருந்தது. அதைச் சொன்னேன்.

"வேணாம்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்ல. ஒரு வார்த்த."

நான் ஒருத்தி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறார் — இதெல்லாம் கேமைப் பற்றிய பேச்சா? கேம்னா கேமா இருக்கணும். இந்த வீட்ல அதுவும் இல்ல. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நின்னு வேல செஞ்சுட்டு வந்து, நான் ஆசைப்பட்ட ஒண்ண ஆடுறதுக்கும் குத்தவாளி மாதிரி உக்காரணுமா? எனக்கும் ஒடம்புதானே. எனக்கும் ஒண்ணு வேணாமா?

சத்தம் போடவில்லை. இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

ஒரு யோசனை வந்தது. கேமின் டிஸ்க் எங்களிடம் இருக்கிறது. அதில் இருப்பது கேம் முதன்முதலில் வெளிவந்தபோது இருந்த வடிவம், எந்த அப்டேட்டும் சேராதது. மெசினில் இருப்பதை அழித்து, இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு டிஸ்கிலிருந்து மறுபடி ஏற்றினால் பழைய பாரோஸ் திரும்பி வருவான். ஒரே சிக்கல், அந்த மெசினில் நான் ஆன்லைனில் பழக முடியாது. போட்டிக்கு நான்கு வாரம்கூட இல்லை.

பரவாயில்லை என்று அழித்தேன்.

மத்தியானம் அவரை எழுப்பி உட்கார வைத்தேன். கட்டைவிரலால் அழுத்தினார். உடனே அடி விழுந்தது. முகம் மாறியதைப் பார்த்தேன். என்னோடு மூன்று ஆட்டம். மூன்றிலும் அவரே வென்றார்.

மூன்றாவது முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வேணும்னே விட்டியா?"

"சத்தியமா இல்லைங்க."

நம்பவில்லை. உண்மையில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. அந்தப் பழைய பாரோஸ் அவ்வளவு பலசாலி. இதை இப்போது யார் நம்புவார்?

ஜூலை 14, திங்கள்

கடையிலிருந்து வந்தபோது மெசின் அணைந்து கிடந்தது.

"மெசினோட ஆடிப் பாத்தேன். ஜெயிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். "அந்தப் பக்கம் ஆளு இல்ல தனு. செத்தவனோட சண்ட போடுற மாதிரி இருக்கு. புதுசையே போட்ரு."

"அதுல தோத்துப் போறீங்களே."

"ஆமா. ஆனா அதுல ஒருத்தன் இருக்கான்ல."

சரி என்று இன்டர்நெட்டை மறுபடி இணைத்தேன். எல்லா அப்டேட்டும் மறுபடி முதலிலிருந்து இறங்க வேண்டும். இந்த மழைக்கு எங்கள் லயத்துப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகிறது. இரண்டு மணி நேரத்தில் இறங்கியது ஒரு சிறு துண்டுதான்.

அவருக்கும் உதவவில்லை. எனக்கும் பழக்கம் போயிற்று. நல்லது செய்யப் போனேன்.

ஜூலை 20, ஞாயிறு

இன்றுதான் முழுதாக இறங்கி முடிந்தது. கிட்டத்தட்ட ஒரு வாரம் வீண்.

என் ஆள் இல்சா. மெலிந்த பெண், வேகமாக ஓடி எதிராளியின் இடுப்பைப் பிடித்து எறிவாள். இதே அப்டேட்டில் அவளுடைய கை எட்டும் தூரத்தையும் குறைத்திருக்கிறார்கள். கிஷாந்தின் கவலையில் நான் அதைச் சரியாகக் கவனிக்கவே இல்லை. பிடிப்போம் என்று பாய்ந்தால் வெறுங்காற்றைத்தான் பிடிக்கிறாள். இரண்டு வருடமாக என் விரல்களுக்குள் ஊறிய தூரம் அது. விரல்களுக்கு அப்டேட்டைப் படிக்கத் தெரியாதே.

ஆனாலும் எனக்கு ஒரு வழி இருக்கிறது. இல்சாவை மறுபடி பழகலாம், வேறு ஆளுக்கு மாறலாம், பத்து விரல் இருக்கிறது. கிஷாந்துக்கு மாறிப் போக எந்த இடமும் இல்லை. கம்பனிக்காரனையும் என்ன சொல்வது? ஒரு எண்ணைக் கூட்டினால் விதுசன் அழுவான், குறைத்தால் இவர் அழுவார். எண் என்னவோ ஒன்றுதான். அவர்கள் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. பார்க்காமல் செய்ததுதான் வலிக்கிறது.

மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. நாளைக்குக் கடை.

ஜூலை 29, செவ்வாய்

பழகினேன். தோற்றேன். தூங்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கொழும்புக்கு என்னோடு வாருங்கள் என்று கேட்டேன். வரமாட்டேன் என்றார். ரயில், கூட்டம், மண்டபம், அத்தனை கண்கள். எனக்குக் கெஞ்சவும் தெம்பில்லை. "சரி, நான் தனியாப் போறேன்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனேன்.

மாமிதான் அடுப்படியிலிருந்தே சத்தமாகச் சொன்னார்: "அந்தப் புள்ள ஒன்னைய வச்சு மாசக்கணக்கா இழுக்குது. ஒருநா நீ அது பின்னாடி போனா கொறைஞ்சா போயிருவ?"

கிஷாந்த் சாப்பிடும்போது, "எத்தன மணி ரயிலு?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று போட்டி. இன்று ரயிலில் திரும்பி வந்தோம். வீடு வந்ததும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைவிருக்கும்.

வெள்ளிக்கிழமையே போய்க் கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் தங்கினோம். சனி காலை மண்டபம். பெரிய மேடை, பெரிய திரை, காது கிழியும் பாட்டு. கிஷாந்த் முழுக்கைச் சட்டை போட்டு, கையை மடிக்குள் வைத்தபடி முன்வரிசையில் உட்கார்ந்தார். "நான் மேடையில இருந்து திரும்பிப் பாப்பேன், நீங்க இங்க இருக்கணும்" என்றேன். தலையாட்டினார்.

முதல் ஆட்டம் வென்றேன். எப்படி வென்றேன் என்று தெரியவில்லை. எதிராளிக்கு என்னைவிடப் பயம் போல. திரும்பிப் பார்த்தேன். அவருடைய நாற்காலி காலி.

இரண்டாவது ஆட்டம் விதுசனோடு. கடைசிச் சுற்று வரைக்கும் இழுத்தேன். ஒரே ஒரு பிடி மீதம், பிடித்திருந்தால் நான்தான். பாய்ந்தேன். இல்சாவின் கை அவன் ஆளின் சட்டைக்கு முன்னால், ஒரு விரல்கடை தூரத்தில் மூடிக்கொண்டது. அவன் திருப்பி அடித்தான். முடிந்தது.

விதுசன் எழுந்து வந்து கை கொடுத்தான். சந்தோசப்படாமல்தான் நின்றான். "அக்கா, உங்கட இல்சாவைக் கெடுத்துப்போட்டினம். பழைய இல்சா எண்டால் நான் தோத்திருப்பன்."

"அப்டேட் நல்லதுன்னு சொன்ன?"

"சொன்னனான்தான்" என்று தலையைச் சொறிந்தான். "எனக்குப் படாத வரைக்கும் நல்லதுதானே."

மேடையிலிருந்து இறங்கும்போதும் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வெளியே பார்த்தேன், தேநீர் விற்கிற இடத்தில் பார்த்தேன். பயம் வந்துவிட்டது. தனியாக ஸ்டேஷனுக்குப் போய்விட்டாரோ என்று.

மண்டபத்தின் பின்பக்கம், போட்டிக்கு வராதவர்கள் சும்மா ஆடுவதற்கென்று வரிசையாக டிவிகள் வைத்திருந்தார்கள். அங்கே ஒரு கூட்டம். அதன் நடுவில் அவர். பயணப் பையை மடியில் வைத்து, அதன்மேல் கண்ட்ரோலர், அதன்மேல் அந்தக் கை. சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சிங்களப் பையன் அவரைப் போட்டு வெளுத்துக்கொண்டிருந்தான். பாரோஸ் விழுந்தான். கூட்டம் கத்தியது. பையன், "தவ எகக், அய்யே!" என்றான். இன்னும் ஒன்று, அண்ணா.

"தவ எகக்" என்றார் இவரும், சிரித்துக்கொண்டு.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். முதலில் கோபம். என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னேன், அதற்கும் முடியவில்லை. கண்ணெல்லாம் எரிந்தது. பிறகு பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தோற்பதை, மறுபடி தோற்பதை, அந்தக் கையாலேயே பையனின் தோளில் தட்டுவதை. அப்போது கூப்பிட மனம் வரவில்லை. ஒரு படியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

ரயில் நாவலப்பிட்டி தாண்டியது.

"உன் மேட்ச விட்டுட்டேன் தனு" என்றார்.

"ம்."

"பாத்ரூம் போய்ட்டு வரலாம்னுதான் எந்திரிச்சேன். அந்தப் பய, ஆடுறதுக்கு ஆளில்லாம நின்னுக்கிட்டிருந்தான். என்கிட்ட கண்ட்ரோலர நீட்டுனான். வேணாம்னு சொல்றதுக்கு இந்தக் கைய நீட்டுனேன். வேணும்னேதான் இத நீட்டுனேன், பாத்தா விட்ருவான்னு." கையைத் திருப்பிப் பார்த்தார். "அவன் இதுலயே கண்ட்ரோலர வச்சுட்டுப் போய் உக்காந்துட்டான்."

"கையப் பத்திக் கேக்கலயா?"

"கேட்டான். தொழிற்சாலை மெசின்னு சொன்னேன். சரின்னுட்டு அடிச்சான். ஒரு சுத்துகூட விட்டுக்குடுக்கல, படுபாவி. வலப்பனைக்காரனாம், லஹிருன்னு பேரு."

"நீங்க ஜெயிச்சீங்களா?"

"எங்க? ஒண்ணோ ரெண்டோ." பிறகு மெதுவாக, "நீ?"

"ஒண்ணு ஜெயிச்சேன். ஒண்ணு தோத்தேன்."

"நான் இருந்திருக்கணும்."

இருந்திருக்க வேண்டும்தான். 'பரவாயில்லை' என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் தூங்கி என் தோளில் சாய்ந்தபோது நகரவும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடை. எல்லாரும் ஜெயிச்சியா என்று கேட்கிறார்கள். இல்லை, இல்லை, இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

லஹிருவும் அவனுடைய கூட்டாளிகளும் பின்னேரங்களில் ஆன்லைனில் வருகிறார்கள். பேசிக்கொண்டே ஆடுகிறார்கள். கிஷாந்த் பெரும்பாலும் தோற்கிறார். அந்தத் தாமதம் அப்படியேதான் இருக்கிறது, பாரோஸின் அடி அப்படியேதான் மெலிந்திருக்கிறது, அதிசயம் எதுவும் நடக்கவில்லை. முன்பு தோற்றால் வாய் திறக்க மாட்டார். இப்போது சிங்களத்தில் திட்டுகிறார், அந்தப் பக்கம் அவர்கள் தமிழில் திட்டுகிறார்கள்.

மாமிக்குத் தலைவலியாம். மறுபடி சண்டை ஆரம்பம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அடுத்த தகுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுக்க இன்று கடைசி நாள். விதுசன் மூன்று தடவை செய்தி அனுப்பினான். "அக்கா, நீங்கள் இல்லாட்டி எனக்கு ஆர் போட்டி?"

கொடுக்கவில்லை. கோபம் எதுவும் இல்லை. களைப்பு. அடுத்த அப்டேட்டில் இன்னொன்றை எடுப்பார்கள், நான் மறுபடி விரல்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த வருடம் முடியாது. அடுத்த வருடம் முடியுமோ என்னவோ. விதுசனுக்கு அதையே எழுதினேன். "சரி அக்கா, இடம் பிடிச்சு வைக்கிறன்" என்றான். நல்ல பிள்ளை.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் நான் எழும்போது கிஷாந்த் சட்டை போட்டுத் தயாராக நின்றார். வலப்பனையில் லஹிருவின் வீட்டில் எல்லாரும் கூடி ஆடுகிறார்களாம். நுவரெலியாவில் இறங்கி பஸ் மாற வேண்டும். நானும் வரவா என்று கேட்டேன்.

"நீ தூங்கு. கிழம முழுக்க நிக்கிற" என்றார். கண்ட்ரோலரை ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வீடு எனக்கே எனக்கு. மெசினைப் போட்டேன். புதிய அப்டேட் வந்திருக்கிறது, இறக்கவா என்று திரை கேட்டது. எதை மாற்றியிருக்கிறார்கள் என்று படிக்கத் தோன்றவில்லை. அணைத்துவிட்டுப் படுத்தேன். அப்படியொரு தூக்கம், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

மத்தியானம் மாமி விறகோடு வந்து எழுப்பினார்.

"அவன் எங்க புள்ள?"

"வலப்பனைக்குப் போயிருக்காரு மாமி."

"யாரோட?"

"தனியாத்தான்."

விறகைக் கீழே போடாமல் அப்படியே நின்றார். கேட்டதைச் சரியாகக் கேட்டோமா என்பது போல என் முகத்தைப் பார்த்தார்.

"பஸ்ஸிலயா?"

"பஸ்ஸிலதான் மாமி."

விறகை அடுப்படியில் போட்டுவிட்டு வாசலுக்குப் போய், பாதை தெரிகிற பக்கமாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, கேட்காமலேயே எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினார்.